ரிலீவர் வராத வீடு

போன வாரம் ஒரு நாள் காலை, பால் அடுப்பில் இருக்கும்போது போன் அடித்தது. பால் பொங்கப் போகிற சமயத்தில் நான் போன் எடுப்பதில்லை. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. அடுப்பைத் தணித்துவிட்டு எடுத்தேன். நான் வேலை பார்த்த ஆலையின் பெர்சனல் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினார். இப்போது அதைப் பெர்சனல் என்று சொல்லக்கூடாதாம், எச்.ஆர். என்று சொல்ல வேண்டுமாம்.

"சார், நீங்க எடுத்துட்டு இருந்தீங்களே ரிடயர்மெண்ட் கிளாஸ், அத இனிமே வீடியோவா போன்லயே அனுப்பிடப் போறோம். ரிடயர் ஆகறவங்க வீட்டுல உக்காந்தே பாத்துக்கலாம். நீங்க எத்தனையோ பேர பாத்திருப்பீங்க. உங்க அனுபவத்த கொஞ்சம் எழுதிக் குடுங்க சார். ஒரு பக்கம் போதும்."

ஒரு பக்கம் போதும் என்றதில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேசி முடிப்பதற்குள் பாலும் பொங்கி வழிந்துவிட்டது. இரண்டு கோபத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அந்தப் பெண் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்கிற ஆலை எங்களுடையது. நான் வருகை குறிக்கிற டைம் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, பெர்சனலுக்கு மாற்றப்பட்டவன். ஓய்வு பெறப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுக்க ஆள் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது என்னைக் கை காட்டினார்கள். நாற்பது வயதிலேயே எனக்கு விழுந்திருந்த வழுக்கைதான் தகுதியாக இருந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு பெங்களூருக்கு அனுப்பினார்கள். வயதான காலத்தில் பொழுதை எப்படிக் கழிப்பது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை. போர்டில் ஒரு பெரிய வட்டம் போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்தார். இது நடைப்பயிற்சி, இது தியானம், இது பேரக்குழந்தைகள், இது பொழுதுபோக்கு என்றார். சாயங்காலம் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். நான் பெற்ற பயிற்சி அவ்வளவுதான்.

அதே வட்டத்தை ஓசூருக்குக் கொண்டுவந்து எங்கள் போர்டில் வரைந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வயது முழுக்க இரும்போடு புழங்கியவர்கள். ரிடயர் ஆன பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன். "ரெஸ்ட் சார்" என்றார் முதல் ஆள். "ரெஸ்ட்தான் சார்" என்றார் அடுத்தவர். அறை முழுக்க ரெஸ்ட். கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து, "சார், மாட்டுக்குத் தண்ணி காட்டறது இதுல எந்தத் துண்டுல வரும்?" என்று கேட்டார். பொழுதுபோக்கில் வரும் என்றேன். "அத நீங்களே வந்து என் மாட்டுகிட்ட சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ரெஸ்ட் என்று சொன்னவர்களில் ஒருவர்கூட ரெஸ்ட் எடுக்கவில்லை என்பதை நான் போகப் போகத்தான் தெரிந்துகொண்டேன். இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த சவரிமுத்து ரிடயர் ஆனதும் தினமும் உழவர் சந்தைக்குப் போக ஆரம்பித்தார். ஒவ்வொரு கத்தரிக்காயையும் வெளிச்சத்தில் பிடித்து உருட்டிப் பார்த்து, "இது ரிஜெக்ட்" என்று தனியே ஒதுக்கி வைப்பார். அவர் தலை தெரிந்தாலே கடைக்கார அம்மாக்கள் தக்காளிக் கூடையின் மேல் கோணியைப் போட்டு மூடிவிடுவார்கள். ஸ்டோர்ஸில் இருந்த ஒருவர் வீட்டு மளிகை அலமாரிக்குப் பூட்டுப் போட்டார். காலையில் மனைவி கேட்கிற சாமானை மட்டும் அளந்து எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் அந்த அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. மத்தியானம் சாப்பாடும் வரவில்லை. அதன் பிறகு பூட்டு போன இடம் தெரியவில்லை.

இன்னொருவர் வாராவாரம் குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போய், மாடுகளின் பல்லைப் பிடித்துப் பார்த்து, மத்தியானம் வரை பேரம் பேசி, எதையும் வாங்காமல் பஸ் ஏறி வந்துவிடுவார். அவர் வந்து இறங்கியதுமே தரகர்கள் டீ வாங்கிக் கொடுத்து ஒரு ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று கேள்வி. "மனசுக்கு நெறவா இருக்குது சார்" என்று என்னிடம் சொன்னார். இதற்கெல்லாம் என் வட்டத்தில் துண்டு கிடையாது.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ராவ் சார். அவர் பாணியே தனி. யார் வந்தாலும் நாற்காலியை அவரே இழுத்துப் போடுவார். பிறகு மேஜைமேல் இருக்கிற போன், பேனா, வெந்நீர் டம்ளர் எல்லாவற்றையும் ஒரு ஓரத்துக்குத் தள்ளுவார். வந்தவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். முடித்ததும், கேட்டதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லி, "இதானே?" என்பார். வந்தவர் ஆமாம் என்றால்தான் அடுத்த பேச்சு. இல்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து கேட்பார். ஒருமுறை கேன்டீன் விஷயமாக ஒரு யூனியன்காரர் வந்து, உலகத்தில் உள்ள அநியாயத்தையெல்லாம் சொல்லிக் கத்தித் தீர்த்தார். ராவ் சார், "இட்லி கல்லா இருக்குது. இதானே?" என்றார். அவர் கொஞ்சம் யோசித்து, "அவ்வளவுதான் சார்" என்று எழுந்து போய்விட்டார். பக்கத்தில் நிற்கிற எனக்கு இந்த 'இதானே' சில நாள் எரிச்சலாக இருக்கும். சீக்கிரம் ஏதாவது பதில் சொல்லி அனுப்ப மாட்டாரா என்று தோன்றும். அதனால்தானோ என்னவோ அவர் ராவ் சாராக இருந்தார், நான் பக்கத்தில் நின்றேன்.

ஒரு நாள் கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். முனிராஜப்பாவின் சம்சாரம் வந்திருப்பதாகவும், பெர்சனலைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டதாகவும் சொன்னார்.

முனிராஜப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்சக்கரத்தைச் சுட்டு உறுதியாக்குகிற உலையில் ஆபரேட்டராக இருந்தவர். தொரப்பள்ளிப் பக்கத்து ஆள். வீட்டில் பேசுவது கன்னடம், வேலையில் பேசுவது தமிழ், உலையோடு பேசுவது தெலுங்கு என்று கேலி செய்வார்கள். வீட்டை ஒட்டி நாலு அறை கட்டி, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ரிடயர் ஆகி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. என் வகுப்பில் 'ரெஸ்ட்' என்று சொன்னவர்தான் அவரும்.

அவர் மனைவி கெம்பம்மா உள்ளே வந்தார். ராவ் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு, டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"அவரு இன்னும் ஷிஃப்ட்டுக்குப் போயிட்டு இருக்கறாரு சார்" என்றார் கெம்பம்மா.

 அடையாள அட்டையைத் திருப்பி வாங்காமல் விட்டுவிட்டோமா என்று நினைத்து, "எங்கம்மா போறாரு?" என்றேன்.

"வூட்டுலயேதான் சார்."

விஷயம் இதுதான். வாடகை அறைகளுக்குத் தண்ணீர் ஏற்ற வீட்டுக்குப் பின்னால் ஒரு மோட்டார் அறை இருந்தது. முனிராஜப்பா அதற்குள் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மத்தியான ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட். ஆலையில் இருந்த அதே சுற்று. குளித்து, பழைய யூனிபாரம் போட்டு, பூட்ஸும் கையுறையும் மாட்டிக்கொண்டு போய் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ராத்திரி ஷிஃப்ட் வாரத்தில் பகலெல்லாம் தூங்குவார், வீட்டில் மிக்சி ஓடக்கூடாது. குடியிருப்பவர்களுக்குப் பரம சந்தோஷம். ஓசூரிலேயே எந்நேரமும் தண்ணீர் வருகிற வாடகை வீடு அது ஒன்றுதான்.

"பேத்திக்குக் காது குத்தினாங்க. அன்னிக்கு மத்தியான ஷிஃப்ட்டாம், வரல" என்றார் கெம்பம்மா. "போன மாசம் தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டு பொழுது சாயறப்ப வரேன். பட்டினியா உக்காந்திருக்கறாரு. ஏன்னு கேட்டா சோத்து டப்பா வரலயாம். அடுப்புல சோறு இருக்குது சார். பத்தடி தூரம்."

ராவ் சார் கேட்டு முடித்தார். "உங்க வீட்டுக்காரர் இன்னும் வேலைய விடல. இதானே?"

"இல்ல சார்."

"நேரத்துக்குச் சாப்பிடறதில்ல, உடம்பு கெட்டுப் போகும்னு பயம். இதானே?"

"அவரு உடம்புக்கு ஒன்னும் ஆவாது சார்."

"அக்கம்பக்கத்துல சிரிக்கறாங்க. இதானே?"

"சிரிச்சா சிரிக்கட்டும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ராவ் சார் அசரவில்லை. மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். இந்தத் தடவை கெம்பம்மா வேறு இடத்தில் ஆரம்பித்தார். அவர் பிறந்த ஊர் வேப்பனப்பள்ளி. அப்பா சாகும்போது தோப்பில் கொஞ்சம் மாமரத்தை மகள் பேருக்கு விட்டுப் போயிருந்தார். இத்தனை வருஷமும் அண்ணன்மார்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

"கல்யாணமானதுல இருந்து ஒரு சீசன்கூட நான் அங்க முழுசா இருந்ததில்ல சார். காலைல போயி சாயந்தரம் ஓடியாருவேன். இவரு ஷிஃப்ட்டு. எந்த வாரம் எப்ப டப்பா கட்டறது, எப்ப சுடுதண்ணி வெக்கறது, எப்ப சத்தம் போடாம இருக்கறதுன்னே என் பொழுது போயிருச்சு. ரிடயர் ஆவட்டும்னு இருந்தேன். ரிடயரும் ஆயிட்டாரு. ஆனா ஆவல. இன்னும் கொஞ்ச நாள்ல மாங்கா எறங்கிரும்."

ராவ் சார் தன் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். "நீங்க இந்த சீசனுக்கு வேப்பனப்பள்ளி போகணும். இதானே?"

கெம்பம்மா தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா சார்" என்றார். பிறகு நிமிர்ந்து, "நீங்கதான அவர ஷிஃப்ட்டுல போட்டீங்க? நீங்கதான் எடுத்து விடணும்" என்றார்.

என்னை முனிராஜப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். வட்டம் வரைந்த தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். முனிராஜப்பா மோட்டார் அறையில் இருந்தார், காலை ஷிஃப்ட். எழுந்து நின்று, எனக்கு நாற்காலியைக் கொடுத்து, அவர் ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தாளை விரித்து நடைப்பயிற்சியில் ஆரம்பித்தேன். பாவம், மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். தியானத்துக்கு வந்தபோது மோட்டாரின் சத்தம் மாறியது, எழுந்து போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தார்.

"ஏன் முனிராஜப்பா, போதும்னு தோணலயா?" என்று கேட்டேன்.

"தோணுது சார். ஆனா ரிலீவர் வரலயே."

இதை எங்கள் ஆலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டும். உலையை ஆளில்லாமல் விடக்கூடாது. அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருகிறவர்தான் ரிலீவர். அவர் வந்து இடது பக்கம் நிற்க வேண்டும். போகிறவர், உள்ளே என்ன சரக்கு இருக்கிறது, சூடு எவ்வளவு, எந்தக் கதவு மக்கர் செய்கிறது என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். வந்தவர் அத்தனையையும் திருப்பிச் சொல்லி, கடைசியில் "எடுத்துக்கிட்டேன்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் போகிறவர் கையுறையைக் கழற்றலாம். ரிலீவர் வரவில்லை என்றால் அந்த ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதற்கு டபுள் என்று பெயர். எல்லையில் பந்த் நடந்தால் கர்நாடகப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வர முடியாது. அப்படிப்பட்ட நாட்களில் முனிராஜப்பா முகம் சுளிக்காமல் டபுள் பார்ப்பார்.

ரிடயர் ஆகிற நாளுக்கு வேறொரு வழக்கம். மாலை போட்டு, சால்வை போர்த்தி, படம் எடுத்து, கம்பெனி காரில் வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவோம். கார் மத்தியானத்துக்குள் திரும்பியாக வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிடுவோம்.

"அன்னிக்கு நீங்க மாலையோட வந்து கையப் புடிச்சு கூட்டிட்டு வந்துட்டீங்க சார். பாதி ஷிஃப்ட்டு. அடுத்த ஷிஃப்ட்டு தாஸு வரதுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. சூப்பர்வைசர் நின்னாரு. சூப்பர்வைசர் நின்னா அது ரிலீஃப் ஆவுமா?" என்று கேட்டார் முனிராஜப்பா. குறை சொல்கிற குரலில்லை. நியாயம் கேட்கிற குரல். "கையுறைய கார்ல வெச்சுதான் கழட்டினேன். அதுல இருந்து ஒரு மாதிரியாவே இருக்குது. சும்மா உக்காந்தா யாரோ கூப்பிடற மாதிரியே இருக்குது. இங்க வந்து உக்காந்தாதான் கொஞ்சம் அடங்குது."

கெம்பம்மா அறைக் கதவை ஒட்டி நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தாளைச் சுருட்டிக்கொண்டேன்.

ராவ் சாரிடம் சொன்னேன். "அவரை யாரும் ரிலீவ் பண்ணல. இதானே?" என்றார். தாஸைக் கூப்பிட்டு அனுப்பினார். முனிராஜப்பாவுக்கு எப்போதும் ரிலீவராக வருகிற தேவதாஸ் அவர்தான். அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர், இன்னும் சர்வீஸில் இருந்தார். வாரவிடுமுறை அன்று தாஸ் யூனிபாரத்தோடு வந்து, மோட்டார் அறையில் முனிராஜப்பாவின் இடது பக்கம் நின்றார். முனிராஜப்பா அந்தக் கடைசி நாளின் உலையை ஒன்று விடாமல் ஒப்பித்தார். எந்த வண்டிக்கான சரக்கு, இரண்டாவது கதவின் மக்கர், விசிறியில் ஒரு கிறீச் சத்தம். தாஸ் அத்தனையையும் திருப்பிச் சொன்னார். முனிராஜப்பா அதே மூச்சில் மோட்டாரைப் பற்றியும் சொன்னார். வால்வு லேசாகக் கசிகிறது, காலையில் முதல் தொட்டி நிறைவதற்கு நேரமாகும். தாஸ் பழக்கத்தில் அதையும் திருப்பிச் சொல்லி, "எடுத்துக்கிட்டேன் அண்ணா" என்றார்.

முனிராஜப்பா கையுறையைக் கழற்றினார். முகமே மாறிவிட்டது. "ஆய்த்து" என்று, முடிந்தது என்பதைக் கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் போனார். எனக்கு ஒரே பெருமை.

இரண்டு நாள் கழித்து கேன்டீனில் தாஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இப்ப அந்த மோட்டார நான் யாருகிட்ட ஒப்படைக்கறது?" ஷிஃப்ட் முடிந்து தினமும் முனிராஜப்பா வீட்டுக்குப் போய் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் அத்திப்பள்ளி பஸ் ஏறுகிறாராம். அதற்கும் ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது. வாடகைக்கு இருந்த ஒடிசாக்காரர் ஒருவரை தாஸின் இடது பக்கம் நிறுத்தினோம். அவர் முழுதாகப் பேசக் கற்ற முதல் தமிழ் வார்த்தை 'எடுத்துக்கிட்டேன்' என்பதாகத்தான் இருக்கும்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுவாரம் கெம்பம்மா கேட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அவர திரும்ப ஷிஃப்ட்டுல போட்டுருங்க சார்" என்றார்.

ஷிஃப்ட் இல்லாத முனிராஜப்பா நாள் முழுக்கச் சமையலறையில் இருந்தார். டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். உப்பும் சர்க்கரையும் ஒரே உயரம் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தோசை வார்க்கும்போது பின்னால் நின்று, கல் இன்னும் சூடாகவில்லை, இப்போது ஊற்று, இப்போது திருப்பு என்று சொன்னார்.

"அவரு சொல்ற மாதிரி ஊத்தினா தோச நல்லாத்தான் வருது சார். அதான் எனக்கு ஆத்திரமே" என்றார் கெம்பம்மா. "இவர இப்படி வுட்டுட்டு எப்படி போறது? சோத்துக்கு உக்காந்துகிட்டே இருப்பாரு. அண்ணன் போன் பண்ணிட்டாரு, செந்தூரா மாங்கா பழுக்க ஆரம்பிச்சிருச்சாம்."

"முன்னாடி வெளியே இருந்தாரு, இப்ப உள்ள வந்துட்டாரு. நீங்க இன்னும் கெளம்பல. இதானே?" என்றார் ராவ் சார்.

"ஆமா சார்." இந்தத் தடவை ஒரே தடவையில் ஆமா வந்தது.

ராவ் சார் என் பக்கம் திரும்பினார். "அருளப்பா, கூடப் போயிட்டு வா. வாயத் தொறக்காத" என்றார். இத்தனை வருஷம் பேசியே சம்பளம் வாங்கியவனிடம் சொல்கிற பேச்சா இது என்று எனக்கு ரோஷம் வந்தது. ஆனாலும் போனேன்.

நாங்கள் போனபோது முனிராஜப்பா சமையலறை வாசலில் நின்று, அடுப்பில் நீலச் சுடர் சரியாக வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கெம்பம்மா உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தார். கீரையை அலசி சட்டியில் போட்டார். கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தபடியே நின்றார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"வாங்க. இப்படி இடது பக்கமா நில்லுங்க."

முனிராஜப்பா ஏன் என்று கேட்கவில்லை. அந்த வார்த்தைக்கு அவர் கால் தானாக நகர்ந்து போய் நின்றது.

"பெரிய பர்னர் ஒரே தடவைல பத்தாது, ரெண்டு தடவ திருப்பணும். பால சிம்ல வெச்சிருக்கறேன், ஆட கட்டறப்ப எறக்கணும். களி கிண்டியாச்சு. கீர கடையணும், உப்பு இன்னும் போடல. மாவு பொழுதோட அரைக்கணும். தயிருக்கு ஒற ஊத்தணும், மறந்தா நாளைக்கு மோர் இல்ல. மூணாவது ரூம்காரருக்குக் காய்ச்சல், கஞ்சி குடுக்கணும். துணி ஊறுது." மூச்சு வாங்கிக்கொண்டார். "திருப்பிச் சொல்லுங்க."

முனிராஜப்பா நேராக நின்று சொன்னார். பர்னர், பால், களி, கீரை, மாவு, தயிர், கஞ்சி, துணி. வரிசை பிசகவில்லை.

"உப்பு?"

"உப்பு போடல."

"யாரு போடணும்?"

"நான்தான்."

"எடுத்துக்கிட்டீங்களா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. பாலைப் பார்த்தார், அது ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது. கையில் கிடைத்த துணியைப் பிடித்துப் பாத்திரத்தை இறக்கி வைத்தார்.

"எடுத்துக்கிட்டேன்" என்றார்.

கதவுக்குப் பின்னால் ஒரு பை தயாராக இருந்தது. கெம்பம்மா அதை எடுத்துக்கொண்டு, "அருள் சார், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டில விட்டுர்றீங்களா?" என்றார். அவருக்கு கிருஷ்ணகிரி பஸ் பிடித்து, அங்கிருந்து வேப்பனப்பள்ளிக்கு மாற வேண்டும்.

வண்டியில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அன்னிக்கு அவரு சொன்னதக் கதவுகிட்ட நின்னு கேட்டேன் சார். அவருக்குத் தெனமும் ஒருத்தரு வந்து, நீ போ நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கறாங்க. ஒரு நாள் அத சொல்லலன்னுதான் இத்தினி நாளு அப்படி உக்காந்திருந்தாரு. எனக்கு ஒரு நாளும் யாரும் சொன்னதில்லயே சார்" என்றார்.

  ஹாரன் அடித்துக்கொண்டே போய் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். கிருஷ்ணகிரி பஸ் புறப்படத் தயாராக இருந்தது. ஜன்னல் ஓரம் பார்த்து உட்கார்ந்தார்.

முனிராஜப்பா நகரவில்லை. நகர முடியாது, அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். முதல் வாரம் எனக்கு அடிக்கடி போன் வந்தது. கீரையில் உப்பு எவ்வளவு, களி ஏன் கட்டி தட்டுகிறது என்று கேட்பார். ஆலையிலேயே காலம் போன எனக்கு எப்படித் தெரியும்? என் மனைவியிடம் கொடுப்பேன், இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசுவார்கள். அடுத்த வாரம் போன் குறைந்தது. காய்ச்சல்காரர் தேறிவிட்டார். நாலு அறைக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் தோசை சாப்பிட்டார்கள். அவர் சூடு பார்த்து வார்த்த தோசை நன்றாக இல்லாமல் போகுமா?

மாதம் ஒன்று தாண்டியது. "சார், எப்ப வராங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்றார் முனிராஜப்பா.

"நீங்களே கேக்கறதுதானே?"

"ரிலீவர நாமளே போன் பண்ணிக் கூப்பிடறது மொறையில்ல சார்."

நான் கூப்பிட்டேன். பின்னணியில் டிராக்டர் சத்தமும், கூடை இறக்குகிற ஆட்களின் சத்தமும் கேட்டன. கெம்பம்மாவின் குரலை நான் அவ்வளவு சத்தமாகக் கேட்டதே இல்லை.

"செந்தூரா முடிஞ்சிருச்சு சார். பெங்களூரா எறங்கிட்டு இருக்குது. நீலம் இன்னும் மரத்துல இருக்குது. ரிலீவர் வரலன்னா டபுள் பாக்கணும்னு அவருதான சொன்னாரு? பாக்கச் சொல்லுங்க."

சொன்னேன். முனிராஜப்பா, "சரிதான் சார்" என்றார்.

நீலமும் முடிந்த பிறகு ஒரு கூடை மாம்பழத்தோடு கெம்பம்மா வந்து இறங்கினார். வெயிலில் கறுத்து, நடையே மாறியிருந்தது என்று முனிராஜப்பா பிறகு என்னிடம் சொன்னார். கை கால் கழுவிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய், முனிராஜப்பாவின் இடது பக்கம் நின்றாராம். இவர் பர்னரிலிருந்து ஊறுகிற துணிவரை ஒப்பித்தார். அந்த அம்மா ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு காத்து நின்றார்.

"ஒரு காபி போடுங்க. குடிச்சிட்டு சொல்றேன்" என்றாராம் கெம்பம்மா.

போட்டுக் கொடுத்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ராவ் சார் ஓய்வு பெற்று, பிறகு நானும் ஓய்வு பெற்று, இத்தனை வருஷம் ஆகியும் 'எடுத்துக்கிட்டேன்' என்ற அந்த ஒரு வார்த்தையைக் கெம்பம்மா சொன்னபாடில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் சமைக்கிறார்கள், சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். ஆனால் மாங்காய் இறங்குகிற காலம் வந்துவிட்டால் கெம்பம்மா பையை எடுத்துக்கொண்டு தன் பாட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறார். ஒப்படைத்துவிட்டுப் போக அவரிடம் எதுவும் இல்லை.